ஃப்ளஷ் பண்ணினா தண்ணீர் சுத்துது... ஆனா போக மாட்டேங்குதா? பிளம்பருக்கு போன் போடும் முன் ஒரு பக்கெட் எடுங்க!

ஆபீஸ் கேப் வாசலில் நின்று ஹார்ன் அடிச்சுக்கிட்டு இருக்கும். நீங்க பாத்ரூமில் மூணாவது முறையா ஃப்ளஷ் பட்டனை அழுத்திக்கிட்டு இருப்பீங்க. தண்ணீர் என்னவோ வருது, ஒரு சுத்து சுத்துது, ஆனா போக வேண்டியது போகாம அங்கேயே நிற்குது. கடைசியில் ஒரு பக்கெட் தண்ணியைத் தூக்கி ஊத்திட்டு ஓடுவீங்க. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் மறந்தே போயிடும். மறுநாள் காலையில் திரும்பவும் அதே கதை.

வெளியே சொல்லக் கூச்சமா இருக்கிறதாலேயே மாசக்கணக்கில் பல வீடுகளில் இப்படியே ஓட்டுறாங்க. ஊர்லேருந்து சொந்தக்காரங்க வர்றாங்கன்னு போன் வந்த பிறகுதான் பதற்றம் ஆரம்பிக்கும். ஆனா இதில் கூச்சத்தைவிடப் பெரிய கணக்கு ஒண்ணு இருக்கு. வீட்டில் நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு முறைன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு முறையும் 6 லிட்டர் டேங்கை ஒரு தடவை கூடுதலாக அழுத்தினால், ஒரு நாளைக்கு 120 லிட்டர் தண்ணீர் வீண். 100 நாளில் 12,000 லிட்டர். ஒரு முழு தண்ணீர் லாரி! கோடையில் லாரித் தண்ணிக்குக் காசு கொடுக்கிற அப்பார்ட்மென்ட்வாசிகளுக்கு இது சும்மா கணக்கு இல்லை.

நல்ல செய்தி என்னன்னா, ஃப்ளஷ் பலவீனமாக இருப்பதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் உங்க கையாலேயே சரி செய்யக்கூடியவை. எது உங்க வேலை, எது பிளம்பர் வேலை, எது யாருமே குழிக்குள்ள இறங்கிச் செய்யக் கூடாத வேலைன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

முதலில், அந்த வளைவு பற்றி...

வெஸ்டர்ன் டாய்லெட்டோ, இந்தியன் டாய்லெட்டோ, கிண்ணத்துக்கு அடியில் ஒரு வளைவு இருக்கும். அதில் எப்பவும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் குழாயிலிருந்து வரும் வாடையும் வாயுவும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். இந்த ஐடியாவுக்கு 1775-ல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங் என்கிற கடிகாரத் தயாரிப்பாளர். 250 வருஷம் ஆகியும் அந்த வளைவுக்கு மாற்று வரலை.

ஃப்ளஷ் செய்யும்போது தண்ணீர் அந்த வளைவின் மேட்டைத் தாண்டி, கழிவையும் இழுத்துக்கிட்டுப் போகணும். அதுக்கு 6 லிட்டர் தண்ணீர் இருந்தால் மட்டும் பத்தாது, அந்த 6 லிட்டரும் சில விநாடிகளில் மொத்தமாக வந்து விழணும். அதே தண்ணீர் நிதானமாக ஒழுகி வந்தால், மேட்டின் மேல் வழிஞ்சு போயிடும். கழிவு மட்டும் அப்படியே நிற்கும். தண்ணீர் வேகமாக வரலையா, இல்லை வேகமாக வந்தும் போக வழி இல்லையா என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

பக்கெட் டெஸ்ட்

ஒரு பக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 6-லிருந்து 8 லிட்டர் வரை தண்ணீர் எடுத்துக்கோங்க. டேங்க் பட்டனைத் தொடாமல், அந்தத் தண்ணீரைக் கிண்ணத்துக்குள் ரெண்டு மூணு விநாடிக்குள் மொத்தமாக ஊத்துங்க. தெறிக்காமல் இருக்க பக்கெட்டைக் கொஞ்சம் தாழ்வாகப் பிடிச்சுக்கலாம். கிண்ணத்தில் ஏற்கெனவே தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஏறி நின்றால் மட்டும் இந்த டெஸ்ட் வேண்டாம், பாத்ரூம் முழுக்க நீங்க கழுவ வேண்டியிருக்கும்.

ஊத்தின தண்ணீர் 'கடகட'ன்னு சத்தத்தோட உள்ளே போச்சுன்னா, கிண்ணமும் குழாயும் நல்லாதான் இருக்கு. குறை டேங்கில் இருக்கு, அல்லது டேங்கிலிருந்து கிண்ணத்துக்கு வரும் வழியில் இருக்கு. மாறாக, தண்ணீர் மேலே ஏறி நின்னு, மெதுவா இறங்கிச்சுன்னா அடைப்பு. ஒரு நிமிஷம்கூட ஆகாத இந்த டெஸ்ட்டைச் செஞ்சு பார்க்காமல் 'பிரஷர் பம்ப் வெச்சாதான் சார் சரியா வரும்' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீங்க. டேங்க் வெச்ச டாய்லெட்டில், மொட்டை மாடித் தண்ணீரின் பிரஷருக்கும் ஃப்ளஷ் வேகத்துக்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை. பிரஷர் குறைவாக இருந்தால் டேங்க் நிரம்ப நேரம் ஆகும், அவ்வளவுதான். நிரம்பிய பிறகு, டேங்கிலிருந்து கிண்ணத்துக்கு விழுவது வெறும் புவியீர்ப்பு.

டேங்க் மூடியைத் திறக்கலாமா?

தாராளமா! அதில் இருப்பது உங்க பாத்ரூம் குழாயில் வருகிற அதே தண்ணீர்தான். பீங்கான் மூடியாக இருந்தால் கனமாக இருக்கும், வழுக்கும். ரெண்டு கையாலும் தூக்கி, தரையில் ஒரு பழைய துண்டு விரிச்சு அதன் மேல் வையுங்க. மேலே பட்டன் உள்ள மாடல்களில் சிலதுக்கு முதலில் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டியிருக்கும். பலவந்தமாக இழுத்தால் பட்டன் உடையும்.

உள்ளே முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்க. டேங்கின் உள்சுவரில் ஒரு கோடு போட்டிருப்பாங்க. கோடு இல்லைன்னா, நடுவில் நிற்கிற ஓவர்ஃப்ளோ குழாயின் வாயிலிருந்து ரெண்டு சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கணும். அதைவிட நல்லாவே தாழ்ந்து நின்றால் காரணம் கிடைச்சாச்சு. மிதவையில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் மிதவை கொஞ்சம் உயரும், தண்ணீரும் உயரும். பழைய டேங்கில் பந்து மாதிரி மிதவை ஒரு பித்தளைக் கம்பியில் மாட்டியிருக்கும். அந்தக் கம்பியை லேசா மேல்நோக்கி வளைத்தால் போதும். அதுக்காக ஓவர்ஃப்ளோ குழாய்க்கு மேலே ஏத்திடாதீங்க, ராத்திரி பகலா தண்ணீர் வழிஞ்சுக்கிட்டே இருக்கும்.

சில வீடுகளில் டேங்குக்குள் தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒன்று, இல்லைன்னா ஒரு செங்கல் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் சேமிக்க யாரோ எப்பவோ வெச்சது. 10 லிட்டர் கொள்ளும் பழைய டேங்குகளுக்கு அது சரியான யோசனை. இப்போ வருகிற 6 லிட்டர் டேங்கில் அதைச் செஞ்சால் ஃப்ளஷ் திணறும், நீங்க ரெண்டு முறை அழுத்துவீங்க, சேமிப்பு போயே போச்சு. செங்கல் ஊறிக் கரைஞ்சு அந்தத் துகள் வால்வில் சிக்குவது தனிக் கொடுமை.

அடுத்து, டேங்க் நிரம்பவே அஞ்சு பத்து நிமிஷம் ஆகுதா? சுவரில் டேங்குக்குப் போகும் குட்டிக் குழாயின் ஆங்கிள் காக் முழுசாகத் திறந்திருக்கான்னு பாருங்க. எப்பவோ ரிப்பேர் செஞ்ச பிளம்பர் பாதி மூடிவிட்டுப் போயிருப்பார். அது திறந்தே இருந்தால், டேங்க் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை மாதிரி ஃபில்ட்டர் இருக்கும். போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் அதில் மண்ணும் உப்பும் ஏறியிருக்கும். ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, டியூபைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ச்சு மாட்டலாம். காலையில் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வரிசையா போகிற வீட்டில் 'முதல் ஆளுக்கு ஓகே, ரெண்டாவது ஆளுக்கு ஃப்ளஷ் சரியா இல்லை' என்றால் பெரும்பாலும் இந்த ஃபில்ட்டர்தான் குற்றவாளி.

மூடி திறந்திருக்கும்போதே பட்டனை அழுத்தி என்ன நடக்குதுன்னு கவனிங்க. ரெண்டு பட்டன் உள்ள மாடலில் சின்னது பாதி ஃப்ளஷ், பெருசு முழு ஃப்ளஷ். சாதாரணமாக 3 லிட்டர், 6 லிட்டர். (சின்ன பட்டனை மட்டுமே அழுத்திவிட்டு டாய்லெட்டைக் குறை சொல்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், விசாரிங்க!) பெரிய பட்டனை அழுத்தியும் தண்ணீர் பாதியில் நின்றுவிட்டால், நடு வால்வு முழுசாக மேலே தூக்கப்படலைன்னு அர்த்தம். பட்டனுக்குக் கீழே இருக்கும் குச்சி வால்வைச் சரியாகத் தொடாது. அந்தக் குச்சியைத் திருகி நீளத்தைக் கூட்டலாம். வொயர் மாடலாக இருந்தால் அதில் தொய்வு விழுந்திருக்கும், இழுத்து மாட்டணும். சுவருக்குள் மறைச்சு வைக்கிற டேங்க் என்றாலும் இதே கதைதான். பட்டன் பிளேட்டைக் கழற்றினால் பின்னால் ரெண்டு குச்சிகள் தெரியும்.

பக்கவாட்டில் கைப்பிடி உள்ள வெள்ளை பி.வி.சி டேங்க்கா? நம்ம ஊர் வாடகை வீடுகளில் இதுதான் அதிகம். கைப்பிடியை நாலு முறை 'டொக் டொக்'னு அடிச்சால்தான் தண்ணீர் வரும். இதுக்குள்ளே இருப்பது வேற டெக்னிக். கைப்பிடியை அழுத்தும்போது உள்ளே ஒரு தட்டு தண்ணீரை மேலே தூக்கி, வளைஞ்ச குழாய் வழியாகத் தள்ளும். அந்தத் தட்டின் மேல் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். அது கிழிஞ்சிட்டால் தண்ணீர் மேலே ஏறாமல் ஓட்டை வழியாகக் கீழே நழுவும். எத்தனை அடி அடிச்சாலும் சரியாக வராது. கைப்பிடி உடைவதுதான் மிச்சம். ஹார்டுவேர் கடையில் அந்த ஷீட்டைத் தனியாகவே வாங்கலாம். பழையதைக் கழற்றி எடுத்துக்கிட்டுப் போய் அளவு பார்த்து வாங்குங்க. முழு உள் செட்டையே மாத்தினாலும் சில நூறு ரூபாய்தான்.

எல்லாம் சரியா இருக்கு, ஆனா காலையில் முதல் ஃப்ளஷ்ஷே வீக்கா இருக்குன்னா, ராத்திரி முழுக்க டேங்க் ரகசியமாகக் கசியுதான்னு பார்க்கணும். இதுக்கு சமையல்கட்டிலேயே மருந்து இருக்கு. கேசரி பவுடர்! ஒரு சிட்டிகையை டேங்க் தண்ணியில் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்க. கிண்ணத்தில் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தால், அடியில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ஞ்சுபோச்சு. அரை மணி நேரத்துக்கு ஒரு முறை 6 லிட்டர் இப்படி நழுவினாலே ஒரு நாளைக்கு 288 லிட்டர் வரும். டேங்குக்குள் போடும் நீல மாத்திரைகளில் குளோரின் சேர்ந்தவை அந்த ரப்பரைச் சீக்கிரமே கெடுத்துவிடும் என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பார்க்க அழகா இருக்கு, ஆனா எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

டேங்க்கே இல்லாமல், சுவரில் பெரிய ஸ்டீல் பட்டன் மட்டும் இருக்கிற வீடுகளும் உண்டு. பிளம்பர்கள் ஃப்ளஷ் வால்வ் என்பாங்க. மேலே சொன்ன எதுவும் இதுக்குப் பொருந்தாது. இதில் ஓவர்ஹெட் டேங்க்கின் பிரஷர்தான் எல்லாம். டாப் ஃப்ளோர் வீட்டில், மொட்டை மாடி டேங்குக்கும் உங்க பாத்ரூமுக்கும் உயர வித்தியாசமே இல்லாததால் வீக்காகத்தான் இருக்கும். வால்வுக்குள் தண்ணீர் அளவைக் கூட்டும் ஸ்க்ரூ இருக்கு, பிளம்பரை வைத்து அதை முதலில் திருப்பிப் பாருங்க. அதுக்கும் சரியாகலைன்னா, பிரஷர் பம்ப் பேச்சு நியாயமாக எடுபடுவது இந்த ஒரு இடத்தில்தான்.

தண்ணீர் சுத்தாமல் ஒரே பக்கமாக வருதா?

டேங்க் ஓகே, பக்கெட் டெஸ்ட்டும் ஓகே. ஆனாலும் ஃப்ளஷ் வீக் என்றால், கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் உள்ள ஓட்டைகளைப் பாருங்க. குனிஞ்சு பார்க்கத் தேவையில்லை, மொபைல் கேமராவை செல்ஃபி மோடில் வெச்சு, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் காட்டினால் தெரிஞ்சிடும். சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியும் போதும். உப்புத் தண்ணீர் உள்ள ஏரியாக்களில் அந்த ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையா, பழுப்பா ஒரு படலம் கல்லு மாதிரி கட்டியிருக்கும். போர்வெல் தண்ணியில் இருக்கிற கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் அது. வெந்நீர் கெட்டிலின் அடியில் படிகிற அதே சமாச்சாரம்.

இதைக் கரைக்க வினிகரோ, கடையில் கிடைக்கிற சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்த தண்ணீரோ போதும். டிஷ்யூ பேப்பரை அதில் நனைச்சு, விளிம்புக்கு அடியில் வரிசையாக ஒட்டிவிட்டு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலையில் அந்தப் பேப்பரை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஓட்டையையும் ஒரு ஒயர் துண்டாலோ பல் குத்தும் குச்சியாலோ குத்திவிட்டு, பிரஷ்ஷால் தேய்ங்க. பல வருஷ உப்பு ஒரே ராத்திரியில் போகாது, ரெண்டு மூணு நாள் தொடர்ந்து செய்யணும்.

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க, பேக்கிங் சோடாவைப் போட்டு அது மேல வினிகரை ஊத்துவாங்க. புஸ்ஸுன்னு நுரை பொங்கும். பார்க்க ஜோரா இருக்கும். ஆனால் ஒன்று அமிலம், இன்னொன்று காரம். ரெண்டும் ஒன்றையொன்று முடிச்சுக்கட்டிவிட்டு, கார்பன் டை ஆக்ஸைடு போனபிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். உப்பைக் கரைக்கணும்னா வினிகரைத் தனியாகவே ஊத்துங்க.

கவனம்... இதில் உயிர் இருக்கு!

டாய்லெட் கிளீனர் பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்க. பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். கடையில் 'ஆசிட்' என்று கேட்டு வாங்குவதும் அதேதான், இன்னும் கடுமையானது. பிளீச்சிங் பவுடரிலும் பிளீச் திரவத்திலும் இருப்பது ஹைப்போகுளோரைட். இந்த ரெண்டும் கிண்ணத்துக்குள் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயு. நம்ம ஊர் பாத்ரூம் சைஸுக்கு, கதவையும் மூடிக்கிட்டு தேய்ச்சால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. வினிகரோடு பிளீச் சேர்ந்தாலும் இதே வாயுதான்.

'நேத்து ஆசிட் ஊத்தினேன், போகலை, இன்னிக்கு பிளீச்சிங் பவுடர் போட்டேன்' என்று செய்பவர்கள்தான் அதிகம் மாட்டுறாங்க. அடைப்பு இருக்கும் டாய்லெட்டில் நேத்து ஊத்தினது இன்னும் அங்கேயே நிற்கும் இல்லையா? அதனால் ஒன்றைப் பயன்படுத்தினால் நிறைய தண்ணீர் விட்டுப் போக்கும் வரை இன்னொன்றை எடுக்கவே எடுக்காதீங்க. ஜன்னலைத் திற, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு, கிளவுஸ் மாட்டு. இதை வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் சொல்லி வைங்க, அவங்க கையில்தான் நாம் அந்த ரெண்டு பாட்டிலையும் கொடுத்துவிட்டு வெளியே நிற்கிறோம். கண் எரிஞ்சு, இருமல் வந்து, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் உடனே எல்லாத்தையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே காற்றுக்கு வந்துடணும். மூச்சு விடச் சிரமம் நீடித்தால் 108.

இன்னொன்று, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊத்தாதீங்க. பீங்கான் விரிசல் விடும்.

பக்கெட் டெஸ்ட்டில் தண்ணீர் நின்னுடுச்சா?

அப்போ அடைப்பு. பெரும்பாலும் அந்த வளைவிலேயேதான் இருக்கும். முழு அடைப்பு இல்லாமல் பாதி அடைச்சிருந்தால், தண்ணீர் மட்டும் நழுவிப் போகும், மத்தது நிற்கும். குழந்தை இருக்கும் வீட்டில் பொம்மை, டூத் பிரஷ், சோப்பு. மத்த வீடுகளில் ஷாம்பு பாக்கெட், பஞ்சு, முடி, வெட் வைப்ஸ். 'ஃப்ளஷ் பண்ணலாம்' என்று கவரில் போட்டிருந்தாலும் வெட் வைப்ஸ் தண்ணியில் டிஷ்யூ மாதிரி கரையாது. சானிட்டரி நாப்கின் பற்றித் தனியாகச் சொல்லணும். ஈரத்தை உறிஞ்சி ஊதுவதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. குழாய்க்குள் போனாலும் அந்த வேலையைத்தான் செய்யும், நல்லா உப்பி அடைச்சுக்கிட்டு நிற்கும். பேப்பரில் சுத்தி குப்பையில் போடுவதற்கு ஒரு மூடி போட்ட டப்பா பாத்ரூமில் இருந்தால், பாதி வீடுகளில் இந்தப் பிரச்னையே வராது. ஹாஸ்டல், பி.ஜி நடத்துறவங்க இந்த டப்பா வைக்காமல் 'உள்ளே போடாதீர்கள்' என்று மட்டும் நோட்டீஸ் ஒட்டுறதை என்ன சொல்ல!

வீட்டில் இருக்க வேண்டியது ஒரு பிளஞ்சர். வாஷ்பேசினுக்கான தட்டையான கப் இதுக்குச் சரியாக உட்காராது. ரப்பரின் அடியில் உதடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும் டைப்பைக் கேட்டு வாங்குங்க. ரப்பர் முழுசா மூழ்கும் அளவுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கணும். முதல் அழுத்தலை மெதுவாகக் கொடுங்க, இல்லைன்னா உள்ளே இருக்கிற காற்று முகத்தில் தண்ணீரை அடிக்கும். அப்புறம் பிடிப்பு விடாமல் 10, 15 முறை அழுத்தி இழுக்கணும். எல்லாரும் அழுத்துவதில் பலத்தைக் காட்டுவாங்க. இழுப்பதிலும் அதே பலம் வேணும், அடைப்பை அசைச்சு விடுவது பெரும்பாலும் அந்த இழுப்புதான். அடைச்சிருப்பது கழிவும் டிஷ்யூவும் மட்டும் என்றால், பாத்திரம் கழுவும் லிக்விட்டைக் கொஞ்சம் ஊத்தி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தாலே சில சமயம் நழுவிடும்.

அதுக்கும் அசையலைன்னா பிளம்பர். அவர் ஸ்பிரிங் மாதிரி நீளமான ஒயரை உள்ளே விட்டுச் சுத்துவார். நீங்களே துணி காயப்போடும் கம்பியை நிமிர்த்தி உள்ளே விடாதீங்க. பீங்கானின் பளபளப்புப் போயிடும், கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த அழுக்கு ஒட்டும். பிளம்பர் வந்ததும் 'கிளாசெட்டைக் கழற்றணும்' என்றால், முதலில் ஒயர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பழைய வீடுகளில் கிளாசெட்டைத் தரையோடு சிமென்ட் வெச்சுப் பூசியிருப்பாங்க. கழற்றும்போது உடைய நிறைய வாய்ப்பு இருக்கு, உடைஞ்சால் புதுசு வாங்கும் செலவு உங்க தலையில். உள்ளே பொம்மை மாதிரி கெட்டியான பொருள் விழுந்தது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கழற்றுவதுதான் வழி.

உங்க டாய்லெட் மட்டும்தானா?

ஃப்ளஷ் பண்ணினா பாத்ரூம் தரை ஓட்டையில் 'களுக் களுக்'னு சத்தம் வருதா? மாடியில் யாரோ ஃப்ளஷ் பண்ணினா கீழ் வீட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் ஆடுதா? ரெண்டு டாய்லெட்டும் ஒரே நேரத்தில் மந்தமாச்சா? அப்போ குறை உங்க பாத்ரூமுக்கு வெளியே இருக்கு.

மொட்டை மாடிக்குப் போய் வென்ட் பைப்பைப் பாருங்க. கழிவு இறங்கும்போது குழாயில் இருக்கிற காற்று வெளியேறவும், வெளிக்காற்று உள்ளே வரவும் வைத்த குழாய் அது. கொசு வராமல் இருக்க அதன் வாயில் வலை கட்டச் சொல்வாங்க. கட்டுறது சரிதான். ஆனா வருஷக்கணக்கில் அந்த வலையில் தூசியும் காய்ஞ்ச இலையும் ஏறி, துணி மாதிரி அடைச்சுக்கும். வலையைத் தூக்கிப் போடாதீங்க, கழுவியோ புதுசோ மாத்திக் கட்டுங்க.

புது வீட்டில் குடிவந்த நாளிலிருந்தே ஃப்ளஷ் சரியில்லையா? தரைக்கு அடியில் குழாயின் சரிவு போதலை, அல்லது தேவைக்கு மேல் வளைவுகள் என்று சந்தேகப்படலாம். 4 இன்ச் குழாய்க்கு 40 அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் என்பது பொதுவான கணக்கு. இது பில்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, பிளஞ்சரால் தீராது.

செப்டிக் டேங்க் உள்ள வீடென்றால், கடைசியாக எப்போ லாரி வந்ததுன்னு கேளுங்க. 2, 3 வருஷத்துக்கு ஒரு முறை சேற்றை உறிஞ்சி எடுக்கணும். 'எங்க டேங்க் 15 வருஷமா நிரம்பவே இல்லை' என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நிரம்பாத டேங்க் கிடையாது. எங்கேயோ கசிந்து நிலத்தடிக்குப் போகுது, பக்கத்திலேயே போர்வெல்லும் இருக்கும். நவம்பர், டிசம்பர் மழையில் மட்டும் ஃப்ளஷ் மந்தமாகி, மழை விட்டதும் சரியானால், சுற்றியுள்ள மண் ஊறிப்போய் தண்ணீரை வாங்க மறுக்குதுன்னு அர்த்தம். பாதாளச் சாக்கடை உள்ள தெருவிலும் மழைநீர் புகுந்து பின்வாங்கும். அப்போ தண்ணீர்ச் செலவைக் குறைச்சுக்கிட்டு, மாநகராட்சியிலோ குடிநீர் வாரியத்திலோ புகார் கொடுக்கணும். சாலையில் மூடியைத் திறந்து பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருத்தர், 'லாரிக்கு எதுக்கு சார் அவ்வளவு, தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், இறங்கி எடுத்துடுவான்' என்பார். செப்டிக் டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் தேங்கி இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஆனா அளவு கூடினால், மூக்கின் வாசனை அறியும் சக்தியையே அது முடக்கிவிடும். 'வாடையே இல்லையே' என்று இறங்குபவர் சில மூச்சுகளில் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்கும் ரெண்டாவது ஆளும், மூணாவது ஆளும் அப்படியே விழுவது நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் செய்தி.

சட்டமும் தெளிவாக இருக்கு. கையால் கழிவகற்றும் வேலைக்கு ஆள் அமர்த்துவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டு சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரை சாக்கடைக்கோ செப்டிக் டேங்குக்கோ இறக்கினால், முதல் முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரரும், அசோசியேஷன் செக்ரட்டரியும் இதில் அடக்கம். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2014-ல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. குழாய் போட்டு உறிஞ்சும் லாரியை மட்டும் கூப்பிடுங்க. கழிவுநீர் அகற்றும் சேவைக்கு 14420 என்ற உதவி எண் இருக்கு. லாரிக்காரர்களே ஆளை இறக்கப் பார்த்தாலும், 'வேண்டாம்ணே, இறங்காதீங்க' என்று தடுக்கும் இடத்தில் நீங்கதான் நிற்கிறீங்க.

வாடகை வீடா... செலவு யாரோடது?

பேச்சுலர் வீடுகளில் சண்டை ஆரம்பிக்கும் இடம் இது. 'நீங்கதானே யூஸ் பண்றீங்க' என்பார் ஹவுஸ் ஓனர். 'வீடு உங்களோடதுதானே' என்பீங்க நீங்க. தமிழ்நாட்டில் 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதைப் பிரிச்சுச் சொல்லுது. குழாய்களை மாற்றுவது, கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர் போன்றவை ஓனர் பொறுப்பு. டேப் வாஷர் மாற்றுவது, வடிகால் சுத்தம் செய்வது, கிளாசெட் ரிப்பேர் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன்படி நடக்கும். அதாவது, கிழிஞ்ச ஷீட், தேய்ஞ்ச வாஷர் எல்லாம் உங்க பர்ஸ். குழாயையே மாற்ற வேண்டிய நிலை என்றால் ஓனரிடம் பேசலாம்.

பேசும் முன் கையில் ஆதாரம் இருக்கட்டும். டேங்க் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் சரியாக இருப்பதை, பக்கெட் டெஸ்ட்டில் தண்ணீர் இறங்காமல் நிற்பதை, ரெண்டு டாய்லெட்டும் ஒரே நேரத்தில் மந்தமாக இருப்பதை மொபைலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. 'அங்கிள், டேங்க் எல்லாம் செக் பண்ணிட்டோம், பிளஞ்சரும் போட்டுப் பார்த்தாச்சு, மெயின் லைன்ல பிரச்னை மாதிரி தெரியுது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். புதுசா ஒரு வீடு பார்க்கப் போறீங்கன்னா, ஹால், பால்கனி, வை-ஃபை எல்லாம் பார்த்த கையோடு, அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் பெரிய பட்டனையும் ஒரு முறை அழுத்திப் பாருங்க. கிண்ணத்தில் ரெண்டு மூணு துண்டு டிஷ்யூவைப் போட்டுவிட்டு அழுத்தினால் இன்னும் நல்லா தெரியும்.